கேஸ் குறையும் காரில் கம்ப்ரஸர் காய்கிறது

குளச்சலை அடுத்த ஒரு கடற்கரை ஊரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், 14 ஆண்டுகள் ஓடிய தம்முடைய சிறிய பெட்ரோல் காரைத் தக்கலையில் உள்ள என் ஒர்க்‌ஷாப்புக்குச் சென்ற கோடையில் கொண்டுவந்தார். “வருஷா வருஷம் சித்திரையில கேஸ் அடிச்சிருவேன் தம்பி, இந்தத் தடவை அடிச்சும் குளிர் வரல்ல” என்றார். எஞ்சினை நிறுத்தியிருந்தபோது கேஸின் அழுத்தத்தைக் காட்டும் கேஜின் இரண்டு முள்ளும் சதுர அங்குலத்துக்கு 95 பவுண்டு அளவில் சமமாக நின்றன. எஞ்சினை இயக்கி ஏசியைப் போட்டதும் ஒரு முள் 35 பவுண்டுக்கு இறங்க வேண்டும், மற்றொன்று 200 பவுண்டைத் தொட வேண்டும். ஆனால் ஒன்று 75-இலும் மற்றொன்று 120-இலும் நின்றுவிட்டன. கம்ப்ரஸரைப் புல்லியோடு இணைக்கும் கிளட்ச் ஒட்டியிருந்தது, பெல்ட் ஓடும் புல்லியும் சுழன்றது, ஆயினும் உள்ளே கேஸை அழுத்தித் தள்ளும் வலு கம்ப்ரஸரில் இல்லை.

அவர் சொன்ன அந்த ‘வருஷா வருஷம்’ என்ற சொல்தான் என்னை உறுத்தியது. ஏசி கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை. அது ஒரு மூடிய வளையத்துக்குள் ஆவியாகவும் நீர்மமாகவும் மாறி மாறிச் சுற்றிவருகிறது. ரப்பர் ஹோஸ்களின் வழியே மிகச் சிறிய அளவு பல ஆண்டுகளில் கசியலாமே தவிர, ஒவ்வொரு கோடையிலும் நிரப்பும் அளவுக்குக் கேஸ் குறைகிறதென்றால் எங்கோ லீக் இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. கம்ப்ரஸருக்கெனத் தனி ஆயில் பம்போ ஆயில் தொட்டியோ பெரும்பாலான கார்களில் கிடையாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கேஸோடு கலந்து சுற்றும் ஆயில்தான் அதன் பிஸ்டன்களையும் பேரிங்கையும் நனைத்து வைக்கிறது. கேஸ் கசியும் வழியே அந்த ஆயிலும் வெளியேறுகிறது. கேஸைத் திரும்ப நிரப்புபவர்கள் பெரும்பாலும் ஆயிலை நிரப்புவதில்லை. இப்படி நான்கைந்து சித்திரைகள் கழிந்தால் கம்ப்ரஸர் வறண்ட நிலையில் ஓடி, உலோகத்தோடு உலோகம் உரசித் தேய்ந்துபோகிறது.

அந்த லீக்கைத் தேட எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து, சூடான கேஸை ஆற்றி நீர்மமாக்கும் கண்டென்சரின் கீழ் மூலையில் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து கறுப்பாகப் படிந்திருந்தன. அதன் அலுமினியத் தகடுகளை விரலால் தொட்டதும் பொரித்த அப்பளம் போல நொறுங்கி உதிர்ந்தன. குளச்சல், முட்டம், கன்னியாகுமரிப் பகுதிகளில் கடலை ஒட்டி நிற்கும் கார்களில் இந்தக் காட்சியை நான் மிக அதிகமாகப் பார்க்கிறேன். உப்புக் காற்று அலுமினியத்தை அரிக்கிறது, காரின் முகப்பில் அந்தக் காற்றை முதலில் வாங்குவதும் கண்டென்சர்தான். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரை மெல்லிய விசையில் விட்டு அதைக் கழுவினாலே அதன் ஆயுள் கூடும். அழுத்தமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும் என்பதால் வாட்டர் சர்வீஸ் செய்யும்போது அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

குளிர் வராத கார்களுக்கெல்லாம் கம்ப்ரஸர் மாற்ற வேண்டியதில்லை என்பதையும் இந்த இடத்தில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நாற்கரச் சாலையில் வேகமாகப் போகும்போது நன்றாகக் குளிர்ந்து, மார்த்தாண்டம் சந்திப்பின் நெரிசலில் நிற்கும்போது மட்டும் குளிர் குறைந்தால், முதலில் பார்க்க வேண்டியது கண்டென்சர் ஃபேனைத்தான். ஏசியை அணைத்திருக்கும்போதும் இரைச்சல் கேட்டால் அது புல்லியின் பேரிங்காக இருக்க வாய்ப்பு அதிகம். ஏசியைப் போட்டதும் தொடங்கி, அணைத்ததும் நிற்கும் கடகட ஒலிதான் கம்ப்ரஸரின் உட்புறத்தைக் காட்டுகிறது. காலையில் வேலை செய்து, எஞ்சின் சூடேறிய பின் கிளட்ச் ஒட்ட மறுத்தால், கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டிய இடைவெளி தேய்மானத்தால் விரிந்திருக்கலாம். மெல்லிய வாஷர் ஒன்றை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் இந்தச் சிறு கோளாறுக்காகக் கம்ப்ரஸரையே மாற்றச் சொன்ன மதிப்பீட்டுச் சீட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். குளிர் சில நிமிடம் வந்து, நின்று, மீண்டும் வருமானால் உள்ளே ஈரம் புகுந்து நீர்மத்தின் அழுத்தத்தைச் சட்டென இறக்கிக் குளிரவைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனியாக உறைகிறதா என்று சந்தேகிக்க வேண்டும்.

ஆசிரியரின் காரில் அத்தகைய ஐயத்துக்கு இடமில்லை. கேஸை மெஷினில் இறக்கிய பிறகு கம்ப்ரஸரைக் கழற்றி, அதிலிருந்த ஆயிலை அளவுக் குவளையில் வடித்தேன். புதிதாக இருக்கும்போது 100 மில்லிக்கு மேல் ஆயில் கொண்டிருக்கும் அந்தக் கம்ப்ரஸரிலிருந்து 20 மில்லிகூடத் தேறவில்லை. வந்ததும் மை போல் கறுத்திருந்தது. அதில் இரண்டு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டு வெயிலில் சாய்த்துக் காட்டினேன். கறுப்புக்குள் வெள்ளித்தூள் மின்னியது. “இது என்னது தம்பி?” என்று கேட்டார். கம்ப்ரஸரின் உடலிலிருந்து தேய்ந்து வந்த உலோகம் என்றும், இது இப்போது கண்டென்சர், ஈரத்தை உறிஞ்சும் டிரையர், வால்வு என எல்லா இடத்திலும் படிந்திருக்கிறது என்றும் சொன்னேன்.

நான் தொழில் பழகிய காலத்தில், இதே போன்ற ஒரு காருக்குக் கம்ப்ரஸரை மட்டும் மாற்றிக் கொடுத்தோம். செலவைக் குறைக்க வேண்டும் என்று வண்டிக்காரர் கேட்டுக்கொண்டார், நாங்களும் ஒப்புக்கொண்டோம். பழைய தூள் முழுவதையும் புதிய கம்ப்ரஸர் உறிஞ்சி, மூன்றே வாரத்தில் ஜாம் ஆகி நின்றது. அந்த மனிதர் இரண்டாம் முறை பணம் கட்ட நேர்ந்ததை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து, தூள் கண்ட காரில் கம்ப்ரஸரை மட்டும் மாற்றும் வேலையை நான் ஏற்பதில்லை. பைப்புகளை அதற்குரிய திரவத்தால் கழுவலாம். ஆனால் இக்காலக் கண்டென்சர்களின் துளைகள் மிக நுண்ணியவை. கழுவும் திரவம் அடைபடாத துளைகளின் வழியே எளிதாகப் போய்விடும், அடைபட்டவை அடைபட்டபடியே இருக்கும். ஆகவே கண்டென்சர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு ஆகிய மூன்றையும் கம்ப்ரஸரோடு சேர்த்து மாற்றியாக வேண்டும். இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களான ஓ ரிங்குகள் விலை குறைந்தவை, அவற்றில் ஒன்றைக்கூடப் பழையதாக விட்டுவைக்கக் கூடாது. பழைய இரும்புக் கடையில் வாய் திறந்து கிடந்த கம்ப்ரஸரை மலிவு என்று வாங்கி வருபவர்களிடம் நான் மன்றாடியே மறுக்கிறேன். எத்தனை மழையின் ஈரம் அதற்குள் போயிருக்கும் என்பதை யாரும் அறிய முடியாது.

ஆயில் அளவில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. புதிய கம்ப்ரஸர் பல சமயம் முழு வளையத்துக்கும் தேவையான ஆயிலோடு வருகிறது. மற்ற பாகங்களில் பழைய ஆயில் தங்கியிருக்குமானால் அந்த அளவைக் குறைக்க வேண்டும், எல்லாவற்றையும் கழுவி மாற்றியிருந்தால் முழு அளவும் தேவைப்படும். கூடினால் குளிர் குறையும், குறைந்தால் கம்ப்ரஸர் போகும். கார் ஏசிகளில் பரவலாக உள்ள ஆர் 134ஏ கேஸுக்குரிய பிஏஜி என்னும் செயற்கை ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது என்பதால், மூடி திறந்து நாள்பட்ட குப்பியிலிருந்து ஊற்றுவதைவிட அதைக் கொட்டிவிடுவதே மேல். பொருத்திய பின் பெல்ட்டைப் போடுமுன் கம்ப்ரஸரின் முகப்பைக் கையால் பத்துச் சுற்றாவது சுற்ற வேண்டும். சிலிண்டரில் தேங்கிய ஆயில் அப்போது வெளியேறும், இல்லையெனில் முதல் இயக்கத்திலேயே உள்வால்வு உடையக்கூடும்.

அடுத்தது வேக்கம், அதாவது உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி வெற்றிடமாக்குவது. வளையத்துக்குள் பாதரச அளவில் 29 அங்குல வேக்கம் வந்தால் 25 டிகிரி வெப்பத்திலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகும். நம் ஊர் வெயில் அதற்குப் போதும், ஆனால் நேரம் கொடுக்க வேண்டும். பத்து நிமிடம் ஓட்டிவிட்டுக் கேஸைத் திறப்பவர்கள் காற்றை மட்டுமே வெளியேற்றுகிறார்கள், ஈரம் உள்ளேயே தங்கி ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி அரிக்கிறது. நான் ஒரு மணி நேரம் ஓட்டுகிறேன், மழைக்காலத்தில் அதற்கும் கூடுதலாக ஓட்டி, பம்பை நிறுத்தி அரை மணி நேரம் முள் அசைகிறதா என்று பார்க்கிறேன்.

கேஸை எடைபோட்டுத்தான் நிரப்ப வேண்டும். எஞ்சின் நிற்கும்போது கேஜ் காட்டுவது அன்றைய வெப்பத்தைத்தானே ஒழிய கேஸின் அளவை அன்று. உள்ளே நூறு கிராம் இருந்தாலும் ஐந்நூறு கிராம் இருந்தாலும், நீர்மம் சிறிது மீதமிருக்கும் வரை முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். பானெட்டின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் கேஸின் வகையும் எடையும் எழுதியிருக்கும், அதைப் படித்துவிட்டு எடைமெஷினைக் காட்டச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. கேஸின் பெயரில் எரியக்கூடிய வாயுக்களைக் கலந்து விற்பவர்களும் இருக்கிறார்கள். குழாய் விரிசல் விட்டால் அது சூடான எஞ்சினின் மேலும், குடும்பம் உட்கார்ந்திருக்கும் அறைக்குள்ளும் கசியும். விலை வழக்கத்தைவிட மிகக் குறைவாக இருந்தால் சிலிண்டரைக் கேட்டுப் பாருங்கள். பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடுவதையும் அனுமதிக்காதீர்கள். ஆர் 134ஏ வானில் கலந்தால் அதே எடையுள்ள கரியமில வாயுவைப் போல நூறாண்டுக் கணக்கில் ஆயிரம் மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும்.

ஆசிரியரின் கார் மூன்றாம் நாள் தயாரானது. வெளியே 33 டிகிரி இருந்தபோது நடுக் காற்றுவாயில் வைத்த வெப்பமானி 8 டிகிரி காட்டியது. கழற்றிய பாகங்கள் அனைத்தையும் அவர் டிக்கியிலேயே வைத்துக் கொடுத்தேன், எவரிடம் வேலை கொடுத்தாலும் அவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்களின் கார்கள் நம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளின் முற்றத்தில் மாதக்கணக்கில் நிற்கின்றன. ஆனியிலும் ஐப்பசியிலும் மழை பெய்வதால், வீட்டில் இருப்பவர்களும் ஏசியைத் தொடுவதில்லை. ஓடாத கம்ப்ரஸரின் சுழல்தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் ஷாஃப்ட் சீல் ஆயில் படாமல் உலர்ந்து சுருங்கி, லீக் அங்கிருந்தே தொடங்கிவிடுகிறது. சாவி யாரிடம் இருக்கிறதோ அவரிடம், மழை நாளானாலும் வாரத்துக்கு ஒருமுறை காரைத் திறந்த முற்றத்தில் நிறுத்தி எஞ்சினை இயக்கி, பத்து நிமிடம் ஏசியைப் போட்டு வைக்கும்படி இந்த வாரமே போன் செய்து சொல்லிவிடுங்கள்.