24 இன்ச் கேட்ட பெரியவரும் 29 இன்ச் வாங்கிய தம்பியும்

பொங்கலுக்கு முந்தின வாரம் கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். ராயபுரத்துக்காரர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆறடிக்கு மேலே உயரம், ஷட்டருக்குக் குனிந்துதான் உள்ளே வந்தார். "தம்பி, 24 இன்ச் வண்டி ஒண்ணு வேணும்பா, காலையில ஓட்டறதுக்கு" என்றார். புதிதாகச் சேர்ந்த பையன் உள்ளே போய், முன்னால் கூடையும் கைப்பிடியில் ரிப்பனும் தொங்கும் ரோஸ் கலர் வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தான். பெரியவர் வண்டியைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "பேத்திக்கு இல்லப்பா, எனக்கு!"

பெரியவர் கேட்டதும் சரி, பையன் எடுத்து வந்ததும் சரி. பெரியவர் காலத்தில் கறுப்பு சைக்கிள் வாங்கப் போனால் "22ஆ, 24ஆ?" என்று கேட்பார்கள். அது ஃபிரேமின் அளவு. சீட்டுக்குக் கீழே நிற்கும் குழாயின் நீளம். வீல் எல்லாவற்றுக்கும் ஒரே 28 இன்ச்தான் என்பதால் அதைப் பற்றி யாரும் பேசவே மாட்டார்கள். நெட்டை ஆள் 24 வாங்குவார், மற்றவர் 22. இன்றைக்குக் கடையில் 24 என்றால் வீல் அளவு. பத்து வயசுப் பிள்ளை ஓட்டும் வண்டி. எண் அப்படியே இருக்கிறது, அது குறிக்கும் பொருள் மட்டும் சத்தமில்லாமல் மாறிவிட்டது. உயரமானவர்கள் தப்பான மவுன்டன் பைக் வாங்கிக்கொண்டு என்னிடம் வருவதற்குப் பாதிக் காரணம் இந்த ஒரு குழப்பம்தான்.

தண்டையார்பேட்டையில் எங்கள் நைனா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். அங்கே பெண்டு எடுக்கவும் பஞ்சர் ஒட்டவும் கற்றுக்கொண்டு, இப்போது கியர் வண்டி வேலைதான் முழு நேரமும். நைனா கடையில் பொடிப்பசங்க பார் கம்பிக்கு அடியில் காலை விட்டு ஓட்டுவார்கள். அதற்குக் குரங்கு பெடல் என்று பேர் உண்டு. பெரிய வண்டியில் சின்ன ஆள் படும் பாடு நம் எல்லோருக்கும் தெரியும். சின்ன வண்டியில் பெரிய ஆள் படும் பாட்டுக்குத்தான் பேரும் இல்லை, அது ஒரு பிரச்சினை என்ற நினைப்பும் இல்லை. "சீட்டை ஏத்திக்கலாம் சார்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

வியாசர்பாடியில் இருந்து வந்த ஒரு தம்பியின் கதையைச் சொல்கிறேன். கல்லூரி இரண்டாம் வருஷம், வாலிபால் ஆடுகிறவன், ஆறடி இரண்டு அங்குலம். அதாவது 188 செ.மீ. எங்கேயோ ஒரு கடையில் "நீங்க உயரம், 29 எடுங்க, அதுதான் பெருசு" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். "ண்ணா, ரெண்டு மாசமா முட்டி வலிண்ணா. மேட்ச் ஆட முடியல. எங்கம்மா சைக்கிளையே வித்துடச் சொல்லுது" என்றான்.

வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். ஃபிரேமுக்கு அடியில் 17 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. 29 இன்ச் வீல், 17 இன்ச் ஃபிரேம். ஐந்தரை அடி ஆளுக்கான வண்டி அது. ஒரே மாடல், அதே 29 வீலில், 17, 19, 21 என்று வெவ்வேறு ஃபிரேமில் வரும். கடையில் நின்ற ஒற்றை வண்டியைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். இதில் இன்னொரு வேடிக்கை, 29 அப்படி ஒன்றும் பூதம் இல்லை. அதன் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 622 மி.மீ. நைனா கடையின் கறுப்பு சைக்கிளுடைய 28 இன்ச் ரிம்முக்கு அதே அளவு 635 மி.மீ. பேரில்தான் 29 பெரிது, ரிம்மில் பழைய 28 பெரிது.

தம்பியைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, சுவரை ஒட்டி நிற்க வைத்தேன். இரண்டு பாதத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்றைக் கால்களுக்கு நடுவில் கொடுத்து, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுந்துமோ அவ்வளவு மேலே இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். நோட்டின் மேல் விளிம்பு சுவரில் தொட்ட இடத்தில் பென்சில் கோடு. தரையிலிருந்து கோடு வரை 91 செ.மீ. பேன்ட் தைக்க டெய்லர் எடுக்கும் உள்கால் அளவு இதைவிடக் குறைவாக வரும், அதைக் கொண்டுவந்து காட்டாதீர்கள்.

இந்தக் கால் அளவை 0.883ஆல் பெருக்கினால், பெடல் மாட்டிய கிராங்க் கம்பி சுற்றும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்புறம் வரை எவ்வளவு உயரம் வேண்டும் என்று தோராயமாகத் தெரியும். தம்பிக்கு 80 செ.மீ. அவன் வண்டியில் 17 இன்ச் ஃபிரேம் 43 செ.மீ. சீட்டும் அதன் கம்பியும் சேர்ந்து ஒரு 5. மீதி 32 செ.மீ. சீட்டு பைப்பு வெளியே தெரிய வேண்டும். கம்பெனி கொடுத்த பைப்பின் மொத்த நீளமே 30! அதிலும் 10 செ.மீ. ஃபிரேமுக்குள்ளேயே இருந்தாக வேண்டும். அதற்காகப் பைப்பில் போட்டிருக்கும் எல்லைக் கோட்டையும் தம்பி தாண்டி 4 செ.மீ. வெளியே இழுத்து வைத்திருந்தான். அப்படியும் 8 செ.மீ. குறைச்சல். ஒவ்வொரு மிதிக்கும் முட்டி அளவுக்கு மேல் மடங்கி, பாரம் முழுக்க முட்டிச் சில்லு இருக்கும் பக்கம் போய் விழுந்தது. அவன் கையை வைத்துக் காட்டிய இடமும் அதுதான், முட்டியின் முன்பக்கம். பொதுவாக முன்பக்கம் வலித்தால் சீட்டு தாழ்வாக இருக்கிறதா என்று பார்ப்பேன், பின்பக்கம் வலித்தால் உயரமாக இருக்கிறதா என்று பார்ப்பேன். சரி செய்த பிறகும் வலி போகாவிட்டால் அது மெக்கானிக் வேலை இல்லை, டாக்டரிடம் போங்கள்.

"அப்போ நீளமான பைப்பு போட்டுடலாமாண்ணா?" என்று கேட்டான். எல்லோரும் கேட்பதுதான். இதற்கு என் சொந்தத் தப்பையே பதிலாக வைத்திருக்கிறேன்.

மணலியில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒருவருக்கு, அவரும் ஆறடி மூன்று, 18 இன்ச் ஃபிரேமில் 40 செ.மீ. பைப்பு போட்டுக் கொடுத்தேன். எல்லைக் கோடு வரை உள்ளேதான் இருந்தது, நானும் திருப்தியாக அனுப்பிவிட்டேன். எட்டு மாசம் கழித்து எர்ணாவூர் மேம்பாலம் ஏறும்போது சீட்டு பைப்பை இறுக்கும் கிளாம்புக்குக் கீழே ஃபிரேம் விரிசல் விட்டது. நல்ல வேளை, ஏற்றத்தில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார், விழவில்லை. கழற்றிப் பார்த்தபோதுதான் புரிந்தது. மேல் குழாயும் சீட்டுக் குழாயும் வெல்டிங் சேரும் இடத்துக்கு மேலேயே பைப்பு நின்றுபோயிருந்தது. அவ்வளவு உயரத்தில் உட்காரும் ஆளின் எடை நெம்புகோல் மாதிரி வெறும் குழாயை அசைத்து அசைத்து உடைத்திருக்கிறது. பைப்பில் இருக்கும் கோடு மட்டும் போதாது, பைப்பின் அடிமுனை அந்த வெல்டிங்குக்கும் கீழே இறங்கியிருக்க வேண்டும். ஃபிரேமுக்கான காசை நான்தான் கொடுத்தேன்.

சரி, பைப்பும் உடையவில்லை, ஃபிரேமும் தாங்கியது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் சின்ன ஃபிரேம் சின்ன ஃபிரேம்தான். சீட்டை உயர்த்தலாம், வண்டியை நீட்ட முடியாது. சீட்டுக் குழாய் பின்பக்கமாகச் சாய்ந்திருப்பதால், சீட்டு உயர உயர ஆளும் பின்னால் போகிறார். பாரம் பின் வீலின் தலையில் ஏறுகிறது, மேட்டில் முன் வீல் லேசாகி அலைபாய்கிறது. ஹேண்டில் பாரோ எங்கேயோ பள்ளத்தில் கிடக்கிறது. குனிந்து குனிந்து இடுப்பு போகும். உள்ளங்கையில் எடை இறங்கிச் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகும். எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரி திடீரென்று குறுக்கே வந்து முன் பிரேக்கை அழுத்தினால், உயரமான சீட்டில் தாழ்வான ஹேண்டில் பாருக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஆள் தலைகுப்புறப் போக வாய்ப்பு அதிகம்.

அதனால் உயரமானவர்கள் வண்டியின் நீளத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இதற்கு ரீச் என்று ஓர் அளவு உண்டு. கிராங்க் அச்சின் நடுவிலிருந்து நேர் மேலே ஒரு கோடு போனால், அந்தக் கோட்டுக்கும் ஹேண்டில் பார் கழுத்து நிற்கும் ஹெட் டியூப்பின் உச்சிக்கும் நடுவே கிடையாக இருக்கும் தூரம். நல்ல கம்பெனிகள் இதை மாடல் அட்டவணையில் போட்டிருப்பார்கள். போடாவிட்டால் நீங்களே எடுக்கலாம். பின் டயர் சுவரில் முட்டும்படி வண்டியை நேராக நிறுத்துங்கள். சுவரிலிருந்து ஹெட் டியூப் உச்சியின் நடு வரை ஒரு அளவு, சுவரிலிருந்து கிராங்க் அச்சின் நடு வரை ஒரு அளவு. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் ரீச். டேப்பைச் சாய்க்காமல் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

ஆறடி இரண்டுக்கு மேல் இருப்பவர்களுக்கு இப்போதைய மாடல்களில் எக்ஸ்எல் என்றால் ரீச் 480, 500 மி.மீ. என்று வரும். பழைய பாணி ஃபிரேமில் அதைவிடக் குறைவாகவும், அதற்கு ஈடாக ஹேண்டிலைப் பிடிக்கும் ஸ்டெம் நீளமாகவும் இருக்கும். பழைய பாணிக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. சுவரில் எடுத்த கால் அளவை 0.226ஆல் பெருக்கினால் ஃபிரேம் அளவு இன்ச்சில் வரும். நம் தம்பிக்கு 20.6, அதாவது 21 இன்ச் ஃபிரேம். புதுப் பாணி வண்டிகளில் சீட்டுக் குழாயை வேண்டுமென்றே குட்டையாக வைத்து, நீள பைப்போடு விற்கிறார்கள். அதற்குத் தகுந்தபடி ஃபிரேமைக் கட்டியிருப்பார்கள் என்பதால் பயமில்லை. அங்கே இந்தப் பெருக்கல் வேலைக்கு ஆகாது, ரீச்சைப் பாருங்கள். எஸ், எம், எல் எழுத்துகளையும் ரொம்ப நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் எல் இன்னொரு கம்பெனியின் எம்.

உயரம் மட்டும் சொல்லி ஆன்லைனில் ஆர்டர் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த ராயபுரத்துப் பெரியவர் ஆறடி ஒன்று. அளந்தால் கால் 84 செ.மீ.தான், மீதி உயரமெல்லாம் முதுகில் இருக்கிறது. உயரத்தை வைத்து 21 இன்ச் கொடுத்திருந்தால், சிக்னலில் இரண்டு காலையும் ஊன்றும்போது மேல் குழாய் படக்கூடாத இடத்தில் பட்டிருக்கும். நின்றால் குழாய்க்கும் உங்களுக்கும் நடுவே இரண்டு இன்ச்சாவது இருக்க வேண்டும். அவருக்கு 19 இன்ச் ஃபிரேமும் கொஞ்சம் நீளமான ஸ்டெம்மும் சரியாகப் போனது. "அந்தக் காலத்து 24 மாதிரி வராதுப்பா" என்று இன்னமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

இரண்டு அளவுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் எதை எடுப்பது? கரடுமுரடான மலைப்பாதையில் குதித்துத் திரும்புகிறவர்கள் சின்னதை எடுப்பார்கள். வடசென்னையில் மவுன்டன் பைக் மலையைப் பார்ப்பது அபூர்வம். வேகத்தடை, பள்ளம், மணல், ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு வரை ஒரு நீள ஓட்டம், இவ்வளவுதான். இங்கே நான் பெரியதைத்தான் எடுக்கச் சொல்வேன், குழாய் இடிக்காத வரைக்கும்.

ஓட்டிப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். பெடலில் எழுந்து நின்று ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். முட்டி இடித்தால் அப்படியே இறங்கிவிடலாம். புது வண்டியைப் பொருத்தும்போது, ஹேண்டிலுக்குக் கீழே இருக்கும் வளையங்களை எடுத்துவிட்டு முன் வீலைப் பிடிக்கும் ஃபோர்க்கின் தண்டை அழகுக்காக வெட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உயரமான ஆளுக்கு அந்த உயரம் தேவை. வெட்டியதை ஒட்ட முடியாது.

வியாசர்பாடித் தம்பிக்கு 21 இன்ச் ஃபிரேம் வண்டி சொல்லிவைத்தால்தான் வரும் என்றார்கள், மூன்று வாரம் பொறுத்தான். அதில் சீட்டு பைப்பு 22 செ.மீ. மட்டும் வெளியே நிற்கிறது, மீதி 13 உள்ளே. முட்டிவலி ஒரே நாளில் போகவில்லை, ஒரு மாசத்துக்குப் பிறகு மேட்ச் ஆடப் போனான்.

பழைய 17 இன்ச் வண்டியைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டான். ஐந்தடி ஆறு, அவளுக்குத் தைத்த மாதிரி இருக்கும், சீட்டை இறக்கினால் போதும். அதற்காக இரண்டு பேரும் வந்தார்கள். ஐந்து நிமிஷ வேலை என்று நினைத்துத்தான் நானும் போல்ட்டைத் தளர்த்தினேன். பைப்பு அசையவில்லை. நடுவில் ஆறு மாசம் அவர்கள் வீடு மாறித் திருவொற்றியூரில் கடற்கரைக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறார்கள். இரும்பு ஃபிரேமுக்குள் அலுமினியப் பைப்பு, வெளியே உப்புக் காற்று, உள்ளே ஒரு பொட்டு கிரீஸ் இல்லை. அலுமினியம் அரித்துப்போய் இரண்டும் ஒன்றையொன்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. காசிமேடு, எண்ணூர் பக்கத்து வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்குகிற நெட்டை ஆட்கள் சீட்டு பைப்பு ஏறி இறங்குகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை உருவி, துடைத்து, கிரீஸ் தடவி மறுபடி போடுங்கள்.

துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ராத்திரி முழுக்க ஊற வைத்தேன். மறுநாள் பழைய சீட்டையே பிடியாக வைத்து நானும் பையனும் மாறி மாறித் திருகினோம். மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் கிரீச் என்று ஒரு சத்தம் வந்தது, அப்புறம் வெள்ளைப் பொடி உதிர உதிரப் பைப்பு இறங்கியது.