ஏற்காட்டு மலைப்பாதையில் ரேஸ் கார் உதிரிகள்: வாகன ஓட்டிகள் அறிய வேண்டியவை

சேலத்தில் கார்களின் பிரேக், சஸ்பென்ஷன் வேலைகளைப் பார்க்கும் பட்டறையை நடத்துகிறவன் என்ற முறையில், அண்மைக் காலமாக என்னிடம் வரும் இளைஞர்களின் வண்டிகளில் ஒரு மாற்றத்தைக் கவலையோடு கவனித்து வருகிறேன். பந்தயத் தளத்திற்கென்றே தயாராகும் பிரேக் பேடு (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்தி நிறுத்தும் பட்டை), ரப்பர் இல்லாத சஸ்பென்ஷன் புஷ் (சஸ்பென்ஷன் மூட்டுகளில் வரும் வளையம்), நான்கு முனை சீட் பெல்ட், ரோல் கேஜ் (காருக்குள் பொருத்தும் இரும்புக் குழாய்க் கூடு) முதலியவற்றை இணையத்தில் வாங்கி மாட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை விடியலில் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறுகிறார்கள். ரேஸ் காரில் இருப்பது எதுவானாலும் சாலைக் காரில் இருப்பதைவிட உயர்ந்தது என்ற நம்பிக்கையே இதற்குக் காரணம். அந்த நம்பிக்கை தவறானது. இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஒரு பாதையில் அது உயிருக்கே ஆபத்தானது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். வேகமான சாலைக் காருக்கும் ரேஸ் காருக்கும் உள்ள வேறுபாடு குதிரைத்திறனில் இல்லை. 1995-இல் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற மெக்லாரன் எஃப்1 ஜிடிஆர், சாலைக்கென்று வடிவமைக்கப்பட்ட ஒரு காரின் பந்தய வடிவம். விதிகளின்படி எஞ்சினுக்குள் செல்லும் காற்று கட்டுப்படுத்தப்பட்டதால், அதன் எஞ்சின் தந்தது சுமார் 600 குதிரைத்திறன். அதே காரின் சாலை வடிவம் தந்ததோ 627. மறுபக்கம், 1975-இல் கவுண்ட் ரோஸி என்ற இத்தாலியப் பிரபு போர்ஷே 917 பந்தயக் கார் ஒன்றுக்கு சைலன்சரும் கண்ணாடிகளும் பொருத்தி, அமெரிக்காவின் அலபாமா மாநிலப் பதிவெண்ணோடு ஜெர்மனியிலிருந்து பாரிஸ் வரை சாலையிலேயே ஓட்டிச் சென்றார். தொழிற்சாலையே முன்னின்று செய்துகொடுத்த அத்தகைய வண்டிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. உண்மையான வேறுபாடு, ஒரு பாகம் எந்த நிலையில் வேலை செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது என்பதில்தான் இருக்கிறது. ரேஸ் கார், சூடேறிய பிறகு, தெரிந்த தளத்தில், ஹெல்மெட் அணிந்த ஓட்டுநரோடு ஓடுவதற்கானது. சாலைக் கார், எவ்வளவு வேகமானதாக இருந்தாலும், குளிரில், மழையில், சாணமும் சரளையும் கிடக்கும் வளைவில், முதல் மிதியிலேயே நிற்க வேண்டும்.

பிரேக்கை எடுத்துக்கொள்வோம். ஒருவர் தம் காரைக் கொண்டுவந்து, மேலிருந்து இறங்கும்போது முதல் இரண்டு மூன்று வளைவுகளில் பெடல் இறுக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வண்டி நிற்க மறுக்கிறது, பாதி மலை இறங்கிய பிறகு தானாகச் சரியாகிவிடுகிறது என்றார். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது, டிஸ்க்கின் முகத்தில் நகத்தை வைத்து இழுத்தால் சிக்கும் அளவுக்கு வட்டக் கோடுகள் விழுந்திருந்தன. அவர் பத்திரமாக வைத்திருந்த பேடு பெட்டியின் அடிப்பக்கத்தில், டிராக் பயன்பாட்டுக்கு மட்டும் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. ரேஸ் பேடுகள் பல, 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பிறகே முழுப் பிடிப்பைத் தருபவை. ஃபார்முலா 1 காரின் கார்பன் பிரேக்குகளுக்கு அதைவிட அதிகச் சூடு வேண்டும். ஏற்காட்டு ஏரியோரம் மூன்று மணி நேரம் நின்ற வண்டியின் டிஸ்க் காற்றின் குளிர்ச்சிக்கு வந்திருக்கும். அங்கிருந்து புறப்பட்டவுடன் இறக்கம், இறக்கத்தில் வளைவு. பேடு சூடேறும்வரை அந்த வளைவுகள் காத்திருக்கப் போவதில்லை. குளிர்ந்த நிலையில் தேய்ப்பதால் டிஸ்க் அறுபடுவது அடுத்த நஷ்டம்.

இறங்கும்போது பிரேக் சூடேறி வேலை செய்யாமல் போவதைத் தடுக்கத்தானே ரேஸ் பேடு என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. ஆட்களோடு 1,300 கிலோ எடையுள்ள ஒரு கார் ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல், ஏறத்தாழ 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அந்த ஆற்றலை முழுவதும் பேடின் தலையில் சுமத்துவதுதான் பிழை. ஏறிய கியரிலேயே இறங்கினால் பெரும்பகுதியை எஞ்சின் தாங்கிக்கொள்ளும். பேடைவிட முன்னதாகக் கவனிக்க வேண்டியது பிரேக் ஆயில். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது 230 டிகிரியிலும், ஈரத்தை உறிஞ்சிய பிறகு 155 டிகிரியிலுமே கொதிக்கத் தொடங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி நிறைந்து பெடல் தரையைத் தொடும், எந்தப் பேடைப் போட்டிருந்தாலும் பயனில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள். புதிய பேடு வாங்கும்போது அதன் ஓரத்தில் உள்ள ஆங்கில எழுத்துகள் இரண்டையும் பாருங்கள். முதல் எழுத்து சாதாரண வெப்பத்திலும், இரண்டாவது அதிக வெப்பத்திலும் உள்ள உராய்வைக் குறிப்பவை. எஃப் என்றால் உராய்வுக் குணகம் 0.35 முதல் 0.45 வரை. இரண்டு எழுத்தும் எஃப் ஆக இருக்கும் பேடு நம் மலைக்குப் போதும்.

டயரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பட்டன் (டயரின் மேல் உள்ள வரிப்பள்ளம்) இல்லாத ஸ்லிக் டயர் ஈரத்தில் தண்ணீரை விலக்காது. காருக்குக் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் பட்டன் ஆழம் வேண்டும் என்பது சட்டமும்கூட.

முழு ரேஸ் காரையே மலையேற்றும் ஆசை சிலருக்கு உண்டு. பந்தயக் கார்களில் முன்சக்கரம் திரும்பும் கோணம் பொதுவாகக் குறைவு. மொனாக்கோவின் கொண்டை ஊசி வளைவுக்காக ஃபார்முலா 1 அணிகளே ஸ்டீயரிங் கூடுதலாகத் திரும்பும்படி தனி ஏற்பாடு செய்கின்றன. எதிரே அரசுப் பேருந்து வரும் வளைவில், ஒரே திருப்பில் திரும்பாத காரைப் பின்னெடுக்க நேர்வதை எண்ணிப் பாருங்கள். பட்டென்று பிடிக்கும் உலோகக் கிளட்ச், ஏற்றத்தில் நின்று நின்று நகரும்போது கருகிவிடும். பந்தயக் கார்கள் பலவற்றில் ரேடியேட்டர் மின்விசிறிகூட இருப்பதில்லை, மெதுவாக ஏறும்போது எஞ்சின் சூடேறிவிடும்.

என்னை மிகவும் வருத்துவது ரோல் கேஜ். அது ஹெல்மெட் அணிந்தவருக்கான இரும்புக் கூடு. ஹெல்மெட் இல்லாத தலைக்கு அரையடி தூரத்தில் இருக்கும் அந்தக் குழாய், சிறிய மோதலையும் தலைக்காயமாக மாற்றிவிடும். ஏர்பேக் உள்ள ஸ்டீயரிங்கைக் கழற்றிவிட்டு ரேஸ் ஸ்டீயரிங் மாட்டுவதும், கம்பெனி பெல்ட்டுக்குப் பதிலாக நான்கு முனை பெல்ட் கட்டுவதும் அதே வகையைச் சேர்ந்தவை. நான்கு முனை பெல்ட்டில் கால்களுக்கு இடையே வரும் பட்டை இல்லாததால், மோதலின்போது இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறி உள்ளுறுப்புகளை நசுக்கக்கூடும். பிள்ளைகளுக்கு வண்டி வாங்கிக் கொடுத்த பெற்றோர் இதை ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும்.

ஆர்சி விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனம் முதலில் தேடுவதும் இந்த மாற்றங்களைத்தான்.

வேகத்தின் மீது ஆர்வம் உள்ளவர்களை நான் தடுக்கவில்லை. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே, சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை ஆகிய தளங்கள் அதற்காகவே இருக்கின்றன. ரேஸ் பேடைத் தளத்திற்குப் போய் மாட்டி, திரும்பும் முன் சாலைப் பேடை மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றியபின், டிஸ்க்கில் படிந்துள்ள பழைய பேடின் பூச்சைச் சுத்தம் செய்து, சமவெளிச் சாலையில் வண்டிகள் இல்லாத நேரத்தில் அறுபது கிலோமீட்டர் வேகத்திலிருந்து இருபதுக்குப் பலமுறை மிதமாக மிதித்து, இடையிடையே ஆறவிட்டுப் பேடை உட்கார வைக்க வேண்டும். அந்த வேலை முடியும்வரை அடிவாரத்தைத் தாண்ட வேண்டாம்.