வாக்கிடாக்கி: நடை இருக்கிறது, பேச்சு இருக்கிறது, முறை எங்கே?

சித்ரா பௌர்ணமி அன்று அழகர் ஆற்றில் இறங்கும் வேளையில் ஆழ்வார்புரம் பக்கம் நின்று கைபேசியில் யாரையாவது கூப்பிட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். திரையில் சிக்னல் கோடுகள் முழுசாக நிற்கும், அழைப்பு மட்டும் போகாது. லட்சக்கணக்கானவர்கள் ஒரே இடத்தில் கூடினால் கைபேசிக் கோபுரம் அத்தனை பேருக்கும் வழிவிட முடியாமல் திணறும். வாக்கிடாக்கிக்குக் கோபுரம் வேண்டாம். ஒரு கருவியிலிருந்து கிளம்பும் அலை நேரே அடுத்த கருவிக்குப் போகிறது. அதனால்தான் சில வருடங்களுக்கு முன் எங்கள் நீர்மோர்ப் பந்தலுக்கு நான்கு கருவிகளை வாடகைக்கு எடுத்தோம்.

"இதப் பிடிங்கண்ணே, பட்டன அமுக்கிட்டுப் பேசுங்க." எனக்குக் கிடைத்த பயிற்சி அவ்வளவுதான். அமுக்கினேன், பேசினேன், பதில் வரவில்லை. விரலை எடுக்காமலே "ஹலோ, ஹலோ" என்று மறுபடி மறுபடி கூப்பிட்டேன். அதே நேரத்தில் அக்கரையில் இருந்த எங்கள் ஆள், தாயைத் தவறவிட்ட ஒரு சிறுமியைக் கையில் பிடித்துக்கொண்டு தகவல் சொல்ல முயன்றுகொண்டிருந்தார். என் விரல் பொத்தானில் இருந்தவரை மற்ற மூவருக்கும் வழி அடைபட்டுக் கிடந்தது. அந்தத் தாய் நின்றது எங்கள் பந்தலுக்கு இருபதடி தள்ளி. சிறுமி அம்மாவிடம் சேர்ந்துவிட்டாள் என்றாலும், அந்தப் பத்து நிமிடத்தை என்னால் மறக்க முடியவில்லை. அப்புறம்தான் இந்தக் கருவியைப் பற்றியும் அதன் பெயரைப் பற்றியும் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

'வாக்கி' என்பதற்கும் நம் 'வாக்கு' என்ற சொல்லுக்கும் உறவு இருக்குமோ என்று சிலர் கேட்பதுண்டு. இல்லை. ஆங்கிலத்தில் 'வாக்' என்றால் நட, 'டாக்' என்றால் பேசு. இரண்டுக்கும் செல்லமாக ஒரு வால் ஒட்டி, எதுகைக்காகச் சேர்த்துக் கட்டிய பெயர் அது. அக்கம்பக்கம், இண்டுஇடுக்கு என்று சொல்லிப் பழகிய நாக்கு நமக்கு. அதனால்தானோ என்னவோ, இந்தப் பெயர் நம் வாயில் சுலபமாக ஒட்டிக்கொண்டது.

பெயர் பிறந்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். தூக்கிச் செல்லும் வானொலியை 1930-களின் பிற்பகுதியிலேயே கனடாவில் டொனால்ட் ஹிங்ஸும் அமெரிக்காவில் ஆல் கிராஸும் தனித்தனியே செய்து பார்த்தார்கள். யார் முதலில் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அமெரிக்கப் படைக்காக கால்வின் நிறுவனம் இரண்டு கருவிகளைச் செய்தது. 1947-ல் மோட்டோரோலா என்று பெயர் மாற்றிக்கொண்டது இந்த நிறுவனம்தான். ஒன்று எஸ்.சி.ஆர்.-536, கையில் பிடிப்பது, இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். மற்றது எஸ்.சி.ஆர்.-300, முதுகில் மூட்டைபோலக் கட்டிக்கொள்வது, சுமார் 15 கிலோ. இதில் 'வாக்கிடாக்கி' என்ற பெயர் முதுகுக் கருவிக்கு உரியது. கைக்கருவியின் பெயர் 'ஹேண்டிடாக்கி'. போருக்குப் பிறகு காலப்போக்கில், முதுகுக் கருவியின் பெயர் இறங்கி வந்து கைக்கருவியின்மேல் உட்கார்ந்துகொண்டது. உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக வானொலியில் பேசும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் இன்றும் தங்கள் கைக்கருவியை 'எச்.டி.' என்று சொல்வது அந்தப் பழைய பெயரின் மிச்சம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? நம் ஊர்க் காவலர்கள் பேச்சில் 'வயர்லெஸ்', 'மைக்' என்பார்கள். எழுத்தில் 'நடைபேசி' என்று சிலர் போடுகிறார்கள். சொல் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்து வைத்தது. இன்று நடந்துகொண்டே பேசும் கருவி என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கைபேசிதான். 'கையடக்க வானொலி' என்றால் திண்ணையில் வைத்துச் செய்தி கேட்கும் பெட்டி என்றே நம் வீட்டுப் பெரியவர்கள் நினைப்பார்கள். 'இருவழி வானொலி' கருத்தில் சரி, ஆவணங்களில் எழுத ஏற்றதும் அதுவே. ஆனாலும் ஒரு குறை. இருவழி என்றவுடன் இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம் என்று தோன்றுகிறது. கைபேசிதான் அப்படிப்பட்டது. இந்தக் கருவியில் வழி இரண்டு இருந்தாலும், ஒரு நேரத்தில் திறப்பது ஒன்றுதான். பேசும்போது கேட்காது, கேட்கும்போது பேச முடியாது.

இந்தக் குணத்துக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: முறை. பெரியாறு பாசன வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்து விடுவார்கள். தன் முறை வரும்வரை ஒரு பக்கத்துக்காரர் காத்திருப்பார், வந்ததும் பாய்ச்சிவிட்டு அடைப்பார். அடைக்க மறந்தால் அடுத்த வயல் காயும். அன்று என் விரல் செய்தது அதைத்தான். அதனால் என் மனதுக்குப் பட்டது 'முறைபேசி'. தொலைபேசி, அலைபேசி வரிசையில் அதுவும் பொருந்தி உட்காருகிறது. முறை என்றதும் மாமன் மகன் முறை, அத்தை மகள் முறை என்று உறவும் நினைவுக்கு வருமே என்று ஒரு நண்பர் கேட்டார். வரட்டுமே. உறவிலும் யாருக்கு எந்த இடம் என்பதைத்தான் அந்தச் சொல் காட்டுகிறது.

'ஓவர்' என்ற சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம். கிரிக்கெட்டில் ஆறு பந்து முடிந்தால் ஓவர், தெருவில் 'ஓவராப் பண்ணாதே'. இரண்டும் காதில் ஊறிப்போனதால், வானொலியிலும் 'ஓவர்' என்றால் பேச்சு முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். அங்கே அதற்குப் பொருள் வேறு: 'நான் சொல்லிவிட்டேன், இனி உங்கள் முறை, பதிலுக்குக் காத்திருக்கிறேன்.' பேச்சே முடிந்தது என்பதற்கு 'அவுட்'. 'ஓவர் அண்ட் அவுட்' என்று சேர்த்துச் சொன்னால், பதில் சொல் என்றும் சொல்லாதே என்றும் ஒரே மூச்சில் சொன்னதாகும். 'ராஜர்' என்பது யாருடைய பெயரும் அல்ல. கிடைத்தது என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து 'ஆர்'. அந்த எழுத்தைத் தெளிவாகச் சொல்ல அக்காலத்தில் 'ராஜர்' என்றார்கள். ஆக அதன் பொருள் 'சொன்னது காதில் விழுந்தது' என்பது மட்டுமே. ஒத்துக்கொண்டேன் என்றோ செய்கிறேன் என்றோ அதற்குப் பொருள் இல்லை. நெருக்கடியில் இந்த வேறுபாடு பெரியது. "தண்ணி லாரிய வடக்கு மாசி வீதிக்குத் திருப்புங்க" என்பதற்கு "கேட்டுச்சு" என்று ஒருவர் சொன்னால், லாரி திரும்பிவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கருவியை அமைக்கும்போது குழப்புகிற சொல் 'அலைவரிசை'. தமிழில் நாம் இதைத் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். சேனலும் அலைவரிசை, ஃப்ரீக்வென்சியும் அலைவரிசை. கருவியில் இரண்டும் வேறு. ஒரு நொடிக்கு அலை எத்தனை முறை அதிர்கிறது என்பது அதிர்வெண், மெகாஹெர்ட்ஸ் கணக்கில் வரும். சேனல் என்பது அந்த அதிர்வெண்ணுக்குக் கருவி செய்தவர் ஒட்டிய வரிசை எண். ஒரு கம்பெனியின் 5-ம் சேனலும் இன்னொரு கம்பெனியின் 5-ம் சேனலும் ஒரே அதிர்வெண்ணாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வேறு வேறு கருவிகளைக் கலந்து வைத்திருந்தால், சேனல் எண்ணை நம்பாமல் அதிர்வெண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். ஃப்ரீக்வென்சிக்கு 'அதிர்வெண்' என்று எழுதி, 'அலைவரிசை'யைச் சேனலுக்கு விட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

அடுத்தது 'ஸ்குவெல்ச்'. யாரும் பேசாதபோது வானொலியில் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். அலை ஒரு அளவுக்கு மேல் வலுவாக வந்தால் மட்டும் ஒலிபெருக்கியைத் திறப்பதும், இல்லாவிட்டால் அடைத்து வைப்பதும் ஸ்குவெல்ச்சின் வேலை. கண்மாய் மடை மாதிரி என்று சொன்னால் நம் பக்கத்தில் உடனே விளங்கும். 'இரைச்சல் மடை' என்று நான் எழுதுகிறேன். மடையை இறுக்கி அடைத்தால் இரைச்சல் நிற்கும், ஆனால் தூரத்திலிருந்து மெல்லிசாக வரும் நம் ஆளின் குரலும் உள்ளே வராது. அதனால் இரைச்சல் நிற்கும் அளவுக்கு மட்டும் அடையுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

மூன்றாவது சொல் ஆபத்தானது: 'பிரைவசி கோடு'. பேரைப் பார்த்தால் பேச்சு ரகசியமாகப் போகும் என்று தோன்றும். உண்மையில் அது பேச்சோடு சேர்ந்து போகும் மெல்லிய ஒரு தொனி. காதுக்குப் புலப்படாதபடி கருவி அதை வடிகட்டிவிடும். அந்தத் தொனி இருந்தால் மட்டும் உங்கள் கருவி வாய் திறக்கும். அதாவது, மற்றவர் பேச்சு உங்களுக்குக் கேட்காமல் செய்கிறதே தவிர, உங்கள் பேச்சு மற்றவருக்குக் கேட்காமல் செய்வதில்லை. தொனி போடாத கருவியோடு அதே அதிர்வெண்ணில் இருப்பவர் எல்லாவற்றையும் கேட்பார். காணாமல் போன பிள்ளையின் பெயர், வீட்டு முகவரி, உண்டியல் பணம் எந்த வழியாகப் போகிறது என்பதையெல்லாம் அதில் சொல்லாதீர்கள். 'தொனிப் பூட்டு' என்று பெயர் வைத்தாலும் தவறாகிவிடும், பூட்டே அங்கில்லை. 'தொனி வடிகட்டி' பொருந்தும். குழுவில் ஒரு கருவியில் மட்டும் இது வேறாக இருந்தால், அந்த ஆளுக்கு மற்றவர் குரல் கேட்காது. கருவி கெட்டுவிட்டது என்று நினைப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

தூரத்தைப் பற்றிப் பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். இந்த அலைகள் ஏறக்குறைய பார்வைக் கோட்டில்தான் போகும். நெஞ்சளவு உயரத்தில் இருவர் கருவி வைத்திருந்தால், பூமியின் வளைவே சுமார் 9, 10 கிலோமீட்டரில் அலையை மறைத்துவிடும். அதுவும் நடுவில் மரமோ கட்டடமோ இல்லாத பொட்டலில். மாசி வீதிகளின் கான்கிரீட்டுக்குள் சில நூறு மீட்டர் கிடைத்தாலே நல்லது. யானைமலை உச்சியில் நிற்பவரோடு வெகுதூரத்திலிருந்தும் பேசலாம், மலைக்கு அந்தப் பக்கம் அடிவாரத்தில் நிற்பவரோடு பக்கத்தில் இருந்தும் பேச முடியாது. கேட்கவில்லை என்றால் பத்தடி நகருங்கள், மாடி ஏறுங்கள், ஆண்டெனாவை நேர் செங்குத்தாகப் பிடியுங்கள்.

ஆண்டெனா திருகாமல் பொத்தானை அமுக்கவே கூடாது. வெளியே போக வேண்டிய ஆற்றல் திரும்பி உள்ளே வந்து கருவியைச் சுட்டுவிடும். ஆண்டெனாவைப் பிடித்துத் தூக்குவதும் கூடாது. வாயிலிருந்து மூன்று நான்கு விரற்கடை தள்ளிப் பிடித்து, சாதாரணக் குரலில் பேசுங்கள். அலங்காநல்லூர் வாடிவாசல் இரைச்சலிலும் கத்தினால் குரல் சிதைந்துதான் போகும். ஆண்டெனா முகத்தையோ கண்ணையோ தொடாமல் இருக்கட்டும். இதய பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். மேலூர்ப் பக்கம் கல்குவாரிகளில் மின்சார டெட்டனேட்டர் வைத்து வெடிக்கும் இடத்துக்கு அருகே பேசவே கூடாது, ஏனென்றால் வானொலி அலை அந்தக் கம்பிகளில் மின்சாரத்தைத் தூண்டக்கூடும். பெட்ரோல் பங்கிலும், கேஸ் கசிந்த வீட்டிலும் பொத்தானை அமுக்காதீர்கள், பேட்டரியையும் கழற்றாதீர்கள். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் பேட்டரியை விட்டுவிட்டுப் போகாதீர்கள். உப்பியது தெரிந்தால் அதை மறுபடி சார்ஜ் போட வேண்டாம்.

வாங்குவதற்கு முன் சட்டம். இந்தியாவில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள குறுகிய பகுதியில் இயங்கும் குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் அந்தக் கருவிக்கும் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் வகை ஒப்புதல் இருக்க வேண்டும். மற்ற அதிர்வெண்களில் பெரும்பாலானவற்றுக்கு உரிமம் கட்டாயம். அமெச்சூர் வானொலிக்குத் தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் பல கருவிகள் 136-லிருந்து 174 மெகாஹெர்ட்ஸ் வரையும் 400-க்கு மேலும் எங்கு வேண்டுமானாலும் பேசவிடும். அந்த இடங்களில் காவல்துறையும் மற்ற சேவைகளும் பேசிக்கொண்டிருக்கின்றன. ஆன்லைன் விற்பனையில் இதைச் சொல்லாமல் விற்பதைத் தடுக்க, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-ல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதிர்வெண், உரிமம் வேண்டுமா, ஒப்புதல் இருக்கிறதா என்ற விவரம் பட்டியலில் இல்லையென்றால் அந்தக் கருவியை வாங்காதீர்கள்.

இப்போது எங்கள் பந்தலில் திருவிழாவுக்கு முதல் நாள் மாலையே கருவிகளை எடுத்து வைத்துவிடுகிறோம். எல்லாவற்றிலும் அதிர்வெண்ணும் தொனியும் ஒன்றா என்று பார்த்த பிறகு, ஒருவர் கல்பாலத்துக்கு அக்கரை வரை நடந்துபோய்ப் பேசிப் பார்ப்பார். கருவியின் முதுகில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிறோம்: அமுக்கு, ஒரு நொடி பொறு, ஊரும் பேரும் சொல், விஷயத்தைச் சொல், விடு. ஒரு நொடி பொறுக்காவிட்டால் முதல் சொல் வெட்டுப்பட்டுப் போகும், பெரும்பாலும் அது யாரைக் கூப்பிடுகிறோமோ அவர் பெயராகவே இருக்கும். 'ஓவர்' சொல்லும் இடத்தில் எங்கள் பிள்ளைகள் "ஒங்க முறைண்ணே" என்கிறார்கள். அக்கரையிலிருந்து, "கேட்டுச்சு, செஞ்சுட்டுச் சொல்றேன்."