பச்சையத்தால் சிவப்பைப் பார்க்கும் மீன்

சூரிய ஒளியில் உள்ள சிவப்பைக் கடல்நீர் மேலேயே உறிஞ்சிவிடும். ஆழத்துக்கு இறங்குவது நீலம்தான். அங்கே உயிரினங்கள் தாமே உண்டாக்கும் வெளிச்சமும் பெரும்பாலும் நீலமே. அதனால் ஆழ்கடல் மீன்கள் பெரும்பாலானவற்றுக்குச் சிவப்பு தெரியாது. இறால்கள் பல அங்கே செக்கச்செவேலென்று தைரியமாகத் திரிகின்றன. நீல ஒளியில் அந்த உடம்பு கறுப்பாகத்தான் தெரியும்.

இந்தப் பாதுகாப்பு செல்லுபடியாகாத ஒரு கறுப்பு மீன் உண்டு: மலாகோஸ்டியஸ் நைகர். ஒரு சாண் நீளம், வாசம் 500 மீட்டருக்கும் கீழே. கண்ணுக்குப் பின்னால் நீலப்பச்சை விளக்கு இருக்கிறது, அதில் அதிசயமில்லை. கண்ணுக்கு அடியில் இருப்பது சிவப்பு விளக்கு. அதனுள் ஒளிர்புரதம் ஒன்று சிவப்பை உமிழ, முகப்பிலுள்ள பழுப்பு வடிகட்டி மற்ற நிறங்களை மறித்துவிடுகிறது. வெளியே வரும் ஒளியின் உச்ச அலைநீளம் 700 நானோமீட்டரைத் தாண்டியது. நம் கண்ணுக்கே அது மங்கல். வடிகட்டியில் பெரும்பகுதி வீணாகிறது, மிச்சத்தையும் சில மீட்டர் தூரத்துக்குள் நீர் குடித்துவிடுகிறது. நஷ்டக் கணக்குதான். ஆனால் அந்த விளக்கு எரிவது அக்கம்பக்கத்தில் அநேகமாக யாருக்கும் தெரியாது.

சரி, அந்த ஒளி இந்த மீனுக்கு எப்படித் தெரிகிறது? இதே போல் சிவப்பு விளக்குள்ள உறவு மீனான அரிஸ்டோஸ்டோமியாஸ், சிவப்பை உணரும் பார்வை நிறமியைத் தானே வைத்திருக்கிறது. மலாகோஸ்டியஸிடம் அது இல்லை. அதன் நிறமிகள் 520, 540 நானோமீட்டர் அருகே, பச்சை ஒளியில்தான் நன்றாக வேலை செய்யும். விடையை 1998-இல் ஆய்வாளர் ரான் டக்ளஸ் குழுவினர் வெளியிட்டார்கள்: அதன் விழித்திரையில் பச்சையத்திலிருந்து வந்த ஒரு பொருள் இருக்கிறது. இலையைப் பச்சையாக்கும் பச்சையத்தின் உறவுப் பொருள்! அந்தப் பொருள் சிவப்பு ஒளியைப் பிடித்து, பார்வை நிறமியைத் தூண்டிவிடுகிறது.

விலங்குகளால் பச்சையத்தைத் தயாரிக்க முடியாது, சாப்பாட்டில்தான் வரவேண்டும். இங்கேதான் இன்னொரு விநோதம். இந்த மீனுக்கு நீண்ட தாடை, கோரைப் பற்கள். வாயின் அடித்தளத்தில் தோலே கிடையாது, அதனால் தாடையை நீர் தடுக்காமல் சட்டென வீசி மூடலாம். பெரிய இரையைப் பிடிக்கவென்றே அமைந்த வாய். ஆனால் வயிற்றைத் திறந்து பார்த்தால், அதிகம் கிடைப்பவை சில மில்லிமீட்டர் அளவுள்ள கோபிபாட் என்ற ஓட்டுயிரிகள். கோபிபாட்களின் உணவுத் தொடரைப் பிடித்து மேலே போனால் வெயிலில் மிதக்கும் நுண்பாசிகள் வரும். பச்சையம் அந்த வழியாகவே வருகிறது என்பது ஆய்வாளர்கள் கருத்து.

எனக்கு இது பொருந்தியே வருகிறது. வெகு தூரத்துக்கு ஒளி வீச முடியாத விளக்கு, பக்கத்தில் மிதக்கும் பொடிப் பிராணிகளைத் தேடிப் பொறுக்கப் போதும். பெரிய இரை எப்போதாவது அகப்பட்டால், அப்போது அந்தத் தாடைக்கு வேலை.