பொது ஒளிபரப்பை 'அரசு டிவி'ன்னு எழுதாதீங்க

"பிரிட்டன் அரசுத் தொலைக்காட்சியான பிபிசியில் தொகுப்பாளர்களுக்குக் கோடிக்கணக்கில் சம்பளம், மக்கள் கொதிப்பு." இந்த மாதிரி வரியை எத்தனை தடவை கேட்டுட்டேன்னு கணக்கே இல்ல. பிபிசியோட சம்பளப் பட்டியல் வெளிவரும் போதெல்லாம் இதே வரி, 2023-ல அயர்லாந்துல அந்த ஊரு ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஇயோட சம்பள விவகாரம் வெடிச்சப்பவும் "அயர்லாந்து அரசு டிவி". இப்ப கடைசியா அந்த ஆர்டிஇ பத்தின ஒரு வீடியோவுல இதையே திரும்பக் கேட்டுட்டு இருந்தேன், பக்கத்துல இருந்த என் தம்பி கேட்டான்: "ஏண்ணே, அரசாங்கம் டிவி நடத்துது, அரசாங்கம் சம்பளம் குடுக்குது, பிடிக்கலன்னா அரசாங்கத்தோட சண்டை போடட்டும், சம்பளம் வாங்குற ஆளைப் புடிச்சு ஏன் திட்டுறாங்க?" நியாயமான கேள்வி. அவன் மேல தப்பே இல்ல, 'அரசு'ங்கற அந்த ஒத்தைச் சொல்லு மொத்த விஷயத்தையும் அவன்கிட்ட இருந்து மறைச்சிருச்சு.

மூலச் சொல் பப்ளிக் பிராட்காஸ்டர். பப்ளிக்ங்கறது லத்தீன் வழி வந்தது, மக்கள்ங்கற அர்த்தம் உள்ள பொப்புலுஸ்ங்கற சொல்லோட சொந்தம். பிராட்காஸ்ட்னா மொதல்ல வயல்ல விதையைக் கையால வீசி விதைக்கிறது, ரேடியோவுக்கு அப்புறம்தான் வந்துச்சு. அதுக்கு நம்மாளுங்க ஒலிபரப்பு, ஒளிபரப்புன்னு ஒரே ஒரு எழுத்து மாத்தி ரேடியோவுக்கு ஒண்ணு டிவிக்கு ஒண்ணு செஞ்சு வெச்சாங்க, இவ்ளோ கச்சிதமான ஜோடி வேற மொழியில இருக்கான்னே தெரியல. அந்தப் பாதியில எனக்கு ஒரு குறையும் இல்ல. பிரச்சினை பப்ளிக்ல இருக்கு.

பப்ளிக்குக்கு நம்மகிட்ட சொல் இல்லாமலா போச்சு? பொது. பொதுவழி, பொதுக்கிணறு, பொதுக்கூட்டம், பொதுத்தேர்தல். திருக்குறளை உலகப் பொதுமறைங்கறோம், அதை உலக அரசுமறைன்னு சொன்னா எப்படி இருக்கும்? புறநானூறு 189-வது பாட்டோட தொடக்கத்தைப் பாருங்க, "தெண்கடல் வளாகம் பொதுமை இன்றி, வெண்குடை நிழற்றிய ஒருமையோர்க்கும்"னு வரும். கடல் சூழ்ந்த பூமியை வேற யாருக்கும் பொதுவா விடாம தனக்கே தனக்குன்னு ஆளுற ராஜாவைச் சொல்றது. அதாவது சங்கப் பாட்டுலயே ராஜாவோட தனியுரிமை ஒரு பக்கம், பொதுமை அதுக்கு நேர் எதிர்ப்பக்கம். அப்படிப்பட்ட சொல்லு கையில இருக்கும்போது பப்ளிக்கை எடுத்து அரசுன்னு போடுறாங்க.

இது வெறும் சொல் சுத்தம் பாக்குற விஷயம்னு நெனைக்காதீங்க. பிபிசியில பணம் எப்படி வருதுன்னு பாத்தா ஏன் கத்துறேன்னு புரியும். பிரிட்டன்ல எந்த சேனலா இருந்தாலும் நேரலையா டிவி பாக்கணும்னா, இல்ல பிபிசியோட ஆன்லைன் சேவையான ஐபிளேயர்ல எதையாவது பாக்கணும்னா, அந்த வீடு டிவி லைசென்ஸ் வாங்கியாகணும். 2017-ல அது வருஷத்துக்கு 147 பவுண்ட், 2025 ஏப்ரல்ல அது 174.50 பவுண்ட் ஆச்சு. கட்டாம பாத்தா கிரிமினல் குற்றம், 1,000 பவுண்ட் வரைக்கும் அபராதம். அந்த வீட்டுப் பணத்துலதான் பிபிசி உள்நாட்டுல பெருமளவு ஓடுது. 2017 ஜூலைல, பிபிசி எப்படி நடக்கணும்னு சொல்ற புது ராஜ சாசனத்தோட நிபந்தனைப்படி, 1,50,000 பவுண்டுக்கு மேல வாங்குறவங்க பேரை மொதல் தடவையா பட்டியல் போட்டு வெளியிட்டாங்க. ரேடியோ நிகழ்ச்சி நடத்தின க்றிஸ் எவன்ஸ் 22 லட்சம் பவுண்டுக்கு மேல, கால்பந்து நிகழ்ச்சி நடத்தின கேரி லினேகர் 17.5 லட்சத்துக்கு மேல. மேல இருந்த ஏழு பேரும் ஆம்பளைங்க, பொம்பளைங்கள்ல அதிகம் வாங்கின க்ளாடியா விங்கிள்மேனுக்கு 4,50,000-ல இருந்து 5,00,000-க்குள்ள. இப்ப ஒரு கணக்கு போடுங்க: எவன்ஸ் ஒருத்தரோட வருஷத்துப் பணத்துக்கு கிட்டத்தட்ட 15,000 வீடு லைசென்ஸ் கட்டணும். அந்த 15,000 வீட்டுல ஒண்ணு நம்ம வீடா இருக்கும்னு ஒவ்வொருத்தரும் நெனைக்க முடியுது பாருங்க, கோவம் அங்கேர்ந்துதான் வருது. 2020 ஆகஸ்ட்ல 75 வயசுக்கு மேல இருக்கறவங்களுக்கு இருந்த இலவச லைசென்ஸை நிறுத்தி, பென்ஷன் க்ரெடிட் வாங்குற ஏழைப் பெரியவங்களுக்கு மட்டும்னு ஆக்கினப்போ, "பாட்டிகிட்ட வாங்கி லினேகருக்குக் குடுக்குறீங்களா"ங்கற மாதிரி ஆத்திரம் கெளம்பினதும் இதனாலதான். அரசு டிவின்னு எழுதிட்டா இந்தப் பாட்டி கதையில இருந்தே காணாமப் போயிடுறாங்க.

பிபிசியில சீனச் செய்திகளுக்கான ஆசிரியரா இருந்த கேரி க்ரேசி, அதே வேலை பாக்குற ஆம்பளைங்களுக்கு ரொம்பக் கூட குடுக்குறாங்கன்னு 2018 ஜனவரியில அந்தப் பொறுப்பை விட்டு விலகினாங்க. அப்ப அவங்க ஒரு திறந்த கடிதம் எழுதினாங்க, அது யாருக்கு? பிரதமருக்கு இல்ல, மந்திரிக்கு இல்ல. பிபிசி நேயர்களுக்கு. பிபிசி லைசென்ஸ் கட்டுற உங்களோட சொத்து, உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்க உங்களுக்கு உரிமை இருக்குங்கற மாதிரி எழுதியிருந்தாங்க. அரசு ஊடகம்னு எழுதுறவங்க இந்தக் கடிதத்தை எப்படித்தான் மொழிபெயர்ப்பாங்க? அரசு ஊழியர் நேயருக்கு எதுக்குக் கடிதம் எழுதணும்?

எதிர்வாதம் எனக்குத் தெரியாம இல்ல. பிபிசி ராஜ சாசனத்துல 1927-ல இருந்து நடக்குது, லைசென்ஸ் தொகையை நிர்ணயிக்கிறது அரசாங்கம், 2022-ல ரெண்டு வருஷத்துக்கு 159 பவுண்டுலயே உறைய வெச்சதும் அரசாங்கம், நிர்வாகக் குழுத் தலைவர் நியமனத்துலயும் அதோட கை இருக்கு. அதை விட பலமான இன்னொண்ணு: 2006-ல பிரிட்டன் புள்ளிவிவரத் துறையே லைசென்ஸ் கட்டணத்தை வரி வகையில சேத்துருச்சு. அது மட்டுமில்ல, நம்ம தமிழோசை சேர்ந்திருந்த உலக சேவைக்கு 2014 வரைக்கும் வெளியுறவுத் துறைதான் பணம் குடுத்துச்சு, அதனால தமிழோசை கேட்டு வளந்தவங்க மனசுல பிபிசின்னா பிரிட்டிஷ் அரசாங்கம்னு பதிஞ்சிருந்தா அதைக் கொறை சொல்ல முடியாது. எல்லாம் சரி. ஆனா அரசு ஊடகம்னு சொன்னா தமிழ்ல கேக்குறவங்களுக்கு என்ன படம் வரும்? மந்திரி என்ன சொல்றாரோ அதை வாசிக்கிற சேனல். பிபிசி எல்லாத்துலயும் நடுநிலைன்னு நான் சொல்ல வரல, அது வேற சண்டை. ஆனா செய்தி என்ன போடணும்னு அமைச்சகம் உத்தரவு போடுற அமைப்பு அது இல்ல. பணம் எந்த வழியா வருது, கட்டளை யாரோடது, இது ரெண்டும் வேற வேற கேள்வி, 'அரசு'ன்னு ஒரே சொல்லுல ரெண்டுக்கும் ஒண்ணா பதில் சொல்லிட்டுப் போயிடறாங்க. ஆஸ்திரேலியாவோட ஏபிசிக்கு 1974-க்கு அப்புறம் லைசென்சே கெடையாது, நேரா பட்ஜெட்ல இருந்துதான் பணம், அதையும் அங்க யாரும் அரசாங்கத்தோட குரல்னு சொல்றதில்ல, பப்ளிக் பிராட்காஸ்டர்னுதான் சொல்றாங்க.

இந்த வித்தியாசம் இங்கிலீஷ்காரங்களுக்கு எவ்ளோ முக்கியம்னு 2023 ஏப்ரல்ல தெரிஞ்சுது. ட்விட்டர் பிபிசி கணக்குல "அரசாங்க நிதியில் இயங்கும் ஊடகம்"னு முத்திரை குத்துச்சு, பிபிசி ஒத்துக்கவே இல்ல, சில நாள்ல அதை "பொது நிதியில் இயங்கும் ஊடகம்"னு மாத்தினாங்க. மொத்தச் செய்தியும் ஒரு சொல் மாறினதுதான்! பப்ளிக்கையும் கவர்மென்டையும் ஒரே 'அரசு'ல அடைக்கிற மொழிபெயர்ப்பாளர் இந்தச் செய்தியை எழுதவே முடியாது, "அரசு ஊடகம் என்பது அரசு ஊடகம் என்று மாற்றப்பட்டது"ன்னு வரும். ஒரு மொழிபெயர்ப்பு தப்புன்னு நிரூபிக்க இதுக்கு மேல என்ன வேணும்?

சரி, பொதுன்னு ஒத்துக்கிட்டு அப்புறம் "பொதுத்துறை ஒளிபரப்பு"ன்னு எழுதுறவங்க இருக்காங்க. இதுவும் எனக்கு ஆகாது. பொதுத்துறைன்னா தமிழ்ல வங்கி, எண்ணெய்க் கம்பெனி, அரசாங்கம் பங்கு வெச்சிருக்கற நிறுவனம், பொதுப்பணித்துறைன்னா நேரடியா அரசாங்க இலாகாவே. துறைங்கற சொல் ஒட்டின உடனே பொது போயி அரசு பின்வாசல் வழியா வந்துடுது. "மக்கள் ஒளிபரப்பு"ன்னு ஒரு யோசனை கேட்டிருக்கேன், கேக்க நல்லா இருக்கு, ஆனா மக்கள்னு பேர் வெச்ச கட்சியும் சேனலும் இவ்ளோ இருக்கற ஊர்ல அது ஏதோ கட்சி டிவி மாதிரி ஆயிடும். "தேசிய ஒளிபரப்பு" சுத்தமா வேண்டாம், தேசியம் வேற பொது வேற. எனக்கு சரின்னு படுறது பொது ஒளிபரப்பு நிறுவனம், ரேடியோவை மட்டும் சொல்லும்போது பொது ஒலிபரப்பு. பொதுச்சேவைன்னு போட்டாலும் சரிதான், கொஞ்சம் நீளம், அவ்ளோதான்.

லைசென்ஸ் ஃபீக்கு "உரிமக் கட்டணம்"னு எழுதுறாங்க, சொல் அளவுல தப்பில்ல, ஆனா பாருங்க "பிபிசி உரிமக் கட்டணம்"னு வெறுமனே எழுதினா பிபிசி அரசாங்கத்துக்குக் கட்டுற கட்டணம் மாதிரியே இருக்கு! பணம் போற திசையே தலைகீழ். "சந்தா"ன்னு சிலர் எழுதுறது இன்னும் மோசம், சந்தான்னா வேணாம்னா நிறுத்திக்கலாம், இதை டிவியைப் பாத்துக்கிட்டே நிறுத்த முடியாது, எரிச்சலே அதுதான். "வரி"ன்னா அந்தப் புள்ளிவிவரத் துறை கணக்குல சரி, ஆனா வரின்னா நம்ம காதுக்கு கஜானாவுல போய்க் கலக்கற பணம், எது எங்க போச்சுன்னு தெரியாது. ஜெர்மனியில இந்தச் சொல் விஷயத்தை சீரியஸா எடுத்துக்கிட்டு 2013-ல கட்டணம்ங்கற பேரையே எடுத்துட்டு பங்களிப்புன்னு மாத்தினாங்க, வீட்டுக்கு இவ்ளோன்னு முறையையும் சேத்து மாத்தினாங்க. நாம புதுசா எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம், "டிவி பாக்குற வீடுங்க கட்டுற லைசென்ஸ் பணம்"னு ஒரு தடவை விரிச்சு எழுதிட்டு அப்புறம் லைசென்ஸ் பணம்னு போட்டா போதும். லைசென்ஸ் இங்கிலீஷ் ஆச்சேன்னு கேப்பீங்க. சுத்தமான சொல் போட்டு ஆளைக் குழப்பறதுக்கு, எல்லாருக்கும் தெரிஞ்ச கடன் சொல் எவ்ளோவோ மேல்.

தொகுப்பாளர் பத்தியும் சொல்லிடறேன். தொகுக்கறதுன்னா சேத்து அடுக்கறது, எட்டுத்தொகையில இருக்கற தொகை. பிரசன்டர் எல்லாரும் அதைச் செய்யறாங்களா? சம சம்பளம் கேட்டு பிபிசி மேல சமீரா அகமது போட்ட வழக்கைப் பாருங்க. நேயர் கருத்து நிகழ்ச்சி ஒண்ணுல எபிசோடுக்கு அவங்களுக்கு 440 பவுண்ட், அதே மாதிரி இன்னொரு நிகழ்ச்சியில எபிசோடுக்கு ஜெரமி வைனுக்கு 3,000 பவுண்ட். அவர் நிகழ்ச்சிக்குக் கண்ணுல ஒரு குறும்பு மின்னணும், அது தனித் திறமைன்னு பிபிசி தரப்புல சொன்னாங்க. அவர் முன்னாடி ஓடுற திரையில எழுதியிருக்கறதைத்தான் வாசிச்சார், ரெண்டு பேர் வேலையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்னு தீர்ப்பாயம் சொல்லி 2020 ஜனவரியில சமீரா பக்கம் தீர்ப்பு குடுத்துச்சு. இந்தச் செய்தியில ரெண்டு பேரையும் தொகுப்பாளர்னு எழுதினா வழக்கோட உயிர்நாடியே போச்சு, ஏன்னா அங்க சண்டையே அவங்க உண்மையில என்ன வேலை செஞ்சாங்கங்கறதுதான். இலங்கைத் தமிழர்கள் ரொம்ப காலமா அறிவிப்பாளர்னு சொல்றாங்க, எழுதிக் குடுத்ததை வாசிக்கறவங்களுக்கு அது எவ்ளோ பொருத்தம். நடத்துநர்னு போடலாம்னா பஸ்ல டிக்கெட் குடுக்கறவர் வந்து நிப்பாரு, வழங்குவோர்னு போட்டா விளம்பரதாரர் வந்துடுவாரு. சொந்தமா விஷயம் திரட்டி நிகழ்ச்சியை அடுக்கறவருக்குத் தொகுப்பாளர் இருக்கட்டும், எல்லார் தலையிலயும் கட்ட வேண்டாம்.

தம்பி கேட்ட கேள்விக்கு அயர்லாந்துதான் நேரடி பதில். ஆர்டிஇக்கு விளம்பரமும் உண்டு, ஆனா வீடுங்க வருஷத்துக்கு 160 யூரோ லைசென்ஸ் கட்டுது. அதிகம் வாங்குற அறிவிப்பாளர்களோட பட்டியலை அவங்களே வெளியிட்டுட்டு வந்தாங்க, அந்தப் பட்டியல்ல ரயன் டுப்ரிடிக்குக் காட்டின தொகையே கம்மின்னு 2023 ஜூன்ல வெளிவந்துச்சு. தலைமை இயக்குநர் டீ ஃபோர்ப்ஸ் ராஜினாமா, டுப்ரிடியையும் அவரோட ஏஜென்டையும் நாடாளுமன்றக் குழு கூப்பிட்டு மணிக்கணக்கா கேள்வி கேட்டுச்சு. சனங்க என்ன பண்ணாங்க? பல பேர் லைசென்ஸைப் புதுப்பிக்காமலே விட்டுட்டாங்க, வருமானம் சரிஞ்சுது, 2024-ல மூணு வருஷத்துக்கு 72.5 கோடி யூரோ தர்றதா அரசாங்கம் அறிவிக்க வேண்டி வந்துச்சு. பணத்தை நேராக் கையில இருந்து குடுக்கறவங்களால மட்டும்தான் இப்படிக் குடுக்காம இருக்க முடியும். அவன்கிட்ட இதைச் சொன்னதும் "அட, அப்ப அவங்க காசுண்ணே அது"ன்னான். அதைத்தான் அந்த வீடியோக்காரர் மொத வரியிலயே சொல்லியிருக்கணும், இப்படி:

"அயர்லாந்தில் வீடுகள் கட்டும் லைசென்ஸ் பணத்திலும் விளம்பரத்திலும் இயங்கும் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஇ, தன் முன்னணி அறிவிப்பாளர் ரயன் டுப்ரிடிக்கு 2017 முதல் 2022 வரை, வெளியே காட்டிய கணக்கைவிட 3,45,000 யூரோ கூடுதலாகக் கொடுத்தது தெரியவந்துள்ளது. பணம் கட்டியவர்கள் விளக்கம் கேட்கிறார்கள்."