50 ஹெச்.பி. எங்கே போகிறது? டிராக்டரின் எடையும் இழுவையும்

டிராக்டர் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை ஹெச்.பி.?" என்றுதான். "எத்தனை கிலோ?" என்று கேட்பவர் அபூர்வம். வயலில் இறங்கிய பிறகு கலப்பை நகருமா நகராதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இந்த இரண்டாவது கேள்விதான். ஒரே 50 ஹெச்.பி. எஞ்சின் பூட்டிய இரண்டு டிராக்டர்களில் ஒன்று சால் பிடித்து உழுதுகொண்டே போகும். இன்னொன்று நின்ற இடத்தில் சக்கரத்தைச் சுற்றிக் குழி பறிக்கும்.

திறன் என்பது இழுவிசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. இழுவிசையைக் கிலோநியூட்டனிலும் வேகத்தை மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்றும் எடுத்துக்கொண்டு, இரண்டையும் பெருக்கி 3.6-ஆல் வகுத்தால் கிலோவாட் வந்துவிடும். ஒரு கிலோவாட் ஏறத்தாழ 1.34 ஹெச்.பி. ஆனால் எஞ்சினில் பிறக்கும் திறன் முழுதாகப் பின்னால் கருவியை இழுக்கும் கொக்கிக்கு வந்து சேர்வதில்லை. வேளாண் பொறியியலில் இதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: படிக்குப் படி 86 சதவீதம்தான் மிஞ்சும். பி.டி.ஓ. தண்டில் (கருவிகளைச் சுழற்ற எஞ்சின் திறனை வெளியே தரும் தண்டு) 50 ஹெச்.பி. இருந்தால் கான்கிரீட் தரையில் கொக்கிக்கு வருவது 43. கெட்டி நிலத்தில் அதிகபட்சம் 37. நாள் முழுவதும் நம்பி வேலை வாங்கக்கூடியது 32. ஏற்கெனவே உழுத நிலத்தில் 27. பொலபொலவென்ற மண்ணில் 23 அல்லது 24. அதாவது பாதிக்கும் மேல் வழியிலேயே கரைந்துவிடுகிறது.

விளம்பர எண்ணுக்கும் வயலுக்கும் உள்ள இந்த இடைவெளி பழைய புகார். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் வில்மட் குரோசியர் என்ற விவசாயி, வாங்கிய டிராக்டர் சொன்னபடி வேலை செய்யாததில் நொந்துபோனவர். சட்டமன்ற உறுப்பினரான பிறகு, சோதனை செய்யாத டிராக்டரை மாநிலத்தில் விற்கக் கூடாது என்ற சட்டத்தை 1919-இல் கொண்டுவந்தார். 1920-இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் சோதனை தொடங்கியது. அங்கே இழுவைச் சோதனை நடப்பது கான்கிரீட் பாதையில். எல்லா டிராக்டரையும் ஒரே தரையில் ஒப்பிட அதுதான் நியாயமான வழி. அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனால் மட்டும் ஏமாற்றம்.

சரி, சக்கரம் மண்ணை எப்படிப் பிடிக்கிறது? டயரின் மேடான வரிகள் மண்ணில் பதிந்து அதைப் பின்னோக்கித் தள்ளுகின்றன. மண் எதிர்த்துத் தள்ளுவதுதான் டிராக்டரை முன்னே நகர்த்துகிறது. மண் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் இழுவை. அதற்கு மேல் தள்ளினால் மண்ணே வெட்டுப்பட்டு நழுவிவிடும். மண்ணின் இந்தத் தாங்கும் சக்திக்கு இரண்டு மூலங்கள் இருக்கின்றன. ஒன்று, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் பிடிப்பு. களிமண்ணில் இது அதிகம். மேலிருந்து எவ்வளவு எடை அழுத்துகிறது என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை, டயர் எவ்வளவு பரப்பில் பதிகிறது என்பதுதான் கணக்கு. இன்னொன்று, துகள்களுக்கிடையே உள்ள உராய்வு. மணலில் இதுதான் முக்கியம், எடை கூடக் கூட இதுவும் கூடும். ஆகவே ஈரக் களிமண்ணில் வழுக்கும் டிராக்டருக்கு இரும்பை ஏற்றுவதைவிட அகலமான டயரோ குறைந்த காற்றழுத்தமோ அதிகம் உதவலாம். மணற்பாங்கான நிலத்தில் எடை உடனே வேலை காட்டும்.

பலருக்கும் நம்பக் கடினமான ஒன்று: சக்கரம் கொஞ்சம் வழுக்கித்தான் ஆக வேண்டும். மண் சற்றாவது அமுங்கி நகர்ந்தால்தான் அது எதிர்விசையைக் காட்டும். வழுக்கலே இல்லையென்றால் இழுவையும் இல்லை. இரு சக்கர இயக்க (பின் சக்கரங்களை மட்டும் எஞ்சின் சுழற்றும்) டிராக்டருக்கு 10 முதல் 15 சதவீதமும், நான்கு சக்கர இயக்கத்துக்கு 8 முதல் 12 சதவீதமும் வழுக்கல் இருப்பது நல்ல நிலை. 30 சதவீதம் என்றால் சக்கரம் சுற்றும் ஒவ்வொரு பத்துச் சுற்றில் மூன்று சுற்று டீசலையும் டயரையும் தின்பதற்கு மட்டும். 3, 4 சதவீதம் என்றால் பெருமைப்பட ஒன்றுமில்லை. தேவைக்கு மேல் எடையைச் சுமந்து திரிகிறோம் என்று பொருள்.

சுமந்து திரிவதற்கு விலை உண்டு. சக்கரம் மண்ணில் அமுங்கும்போது அது எப்போதும் ஒரு சிறு மேட்டில் ஏறிக்கொண்டே இருப்பதற்குச் சமம். கெட்டி நிலத்தில் டிராக்டர் எடையில் 6 சதவீதத்துக்குச் சமமான விசை இதற்கே போகும். இளகிய மண்ணில் 10 சதவீதம் அல்லது அதற்கு மேலும். கூடவே கியர், அச்சு, பேரிங் எல்லாம் அதிக பாரம் தாங்க வேண்டும். மண்ணும் இறுகும். மேல் மண்ணின் இறுக்கம் பெரும்பாலும் டயரின் அழுத்தத்தைப் பொறுத்தது. ஆழத்தில் நேரும் இறுக்கம் அச்சின் மொத்தச் சுமையைப் பொறுத்தது. இந்த இரண்டாவது வகையை அடுத்த உழவில் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் கொழு அவ்வளவு ஆழம் போவதே இல்லை.

டிராக்டரின் அளவைத் தேர்ந்தெடுக்க எஞ்சினிலிருந்து தொடங்குவதைவிட, மண்ணிலிருந்து பின்னோக்கி வருவதே என் கட்சி. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 30 செ.மீ. அகலம் வெட்டும் இரண்டு கொழு கொண்ட, மண்ணைப் புரட்டிப் போடும் இறக்கைக் கலப்பை, ஆழம் 20 செ.மீ., வேகம் மணிக்கு 5 கி.மீ. மணற்பாங்கான நிலத்தில் இதை இழுக்கச் சுமார் 430 கிலோ விசை (அத்தனை கிலோ எடைக்குச் சமமான விசை) போதும். வண்டல் போன்ற நடுத்தர மண்ணில் 670 கிலோ. கெட்டிக் களிமண்ணில் 950 கிலோ. ஒரே கலப்பை, ஒரே ஆழம். மண் மாறியதும் பாரம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. வேகத்தை மணிக்கு 8 கி.மீ.-க்கு உயர்த்தினால் இதே கலப்பைக்கு இன்னும் கால் பங்கு விசை கூடுதலாக வேண்டும்.

களிமண்ணையே எடுத்துக்கொள்வோம். 950 கிலோ விசையை 5 கி.மீ. வேகத்தில் இழுக்கக் கொக்கியில் 17 ஹெச்.பி.-க்குச் சற்று மேல் வேண்டும். மேலே சொன்ன தோராயக் கணக்கில், கெட்டி நிலத்தில் நாள் முழுவதும் வேலை வாங்கும் படியிலிருந்து (50-க்கு 32) பின்னோக்கிப் போனால் பி.டி.ஓ.-வில் 27 ஹெச்.பி. மேடு, இறுகிய திட்டு, ஈரம் குறைந்த நாள் ஆகியவற்றுக்குக் கையிருப்பு சேர்த்தால் 35. ஆக, எஞ்சின் 40 ஹெச்.பி. வகையில் இருந்தால் நிம்மதி.

இனி எடை. களிமண்ணின் நல்ல பதத்தில், அளவான வழுக்கலில், இயக்கு சக்கரத்தின் மேலுள்ள எடையில் சுமார் 45 சதவீதம் இழுவையாக மாறுவதாக வைத்துக்கொண்டால், 950 கிலோ இழுக்கப் பின் சக்கரங்களின் மேல் 2,100 கிலோ அழுத்த வேண்டும். இரு சக்கர இயக்கமுள்ள 2,000 கிலோ டிராக்டரில் பின்னால் இருப்பதோ ஏறத்தாழ 1,300 கிலோ. மீதி 800 கிலோ எங்கிருந்து வரும்?

ஒரு பகுதி இலவசமாக வருகிறது. கலப்பை பின்னோக்கி இழுக்கும்போது டிராக்டர் பின் அச்சை மையமாக வைத்து மூக்கைத் தூக்கப் பார்க்கும். இழுவிசை தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்திலும், முன் பின் அச்சுகளுக்கிடையே 2 மீட்டரும் இருந்தால், முன்னாலிருந்து 215 கிலோ பின்னால் இடம் மாறும். சக்கரம் வைத்த இழுவைக் கலப்பையாக இருந்தால் இவ்வளவுதான். பாக்கி 600 கிலோவை இரும்பாகவோ தண்ணீராகவோ நாமே ஏற்ற வேண்டும். டிராக்டரிலேயே மாட்டித் தூக்கும் கலப்பை என்றால் கதை வேறு. 250 கிலோ கலப்பை பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் தொங்கினால், அதன் முழு எடையும் முன் அச்சிலிருந்து பிடுங்கிய 125 கிலோவும் சேர்ந்து 375 கிலோ பின் சக்கரத்துக்கு வரும். இப்போது நாம் சேர்க்க வேண்டியது 220 கிலோ மட்டுமே.

அயர்லாந்தின் ஹாரி பெர்குசன் புகழ் பெற்றது இந்த வித்தியாசத்தால்தான். மூன்று புள்ளிகளில் கலப்பையைக் கோத்து, ஹைட்ராலிக் மூலம் தூக்கி, இழுவை கூடும்போது கலப்பையைத் தானே சற்று உயர்த்தும் அமைப்பை அவர் உருவாக்கினார். 1939-இல் ஹென்றி ஃபோர்டுடன் சேர்ந்து வெளிவந்த டிராக்டரின் எடை ஒரு டன்னை ஒட்டியே இருந்தது. அதைவிடக் கனமான டிராக்டர்கள் செய்த வேலையை அது செய்தது. இன்று எந்த டிராக்டரின் பின்னால் போய் நின்றாலும் டாப் லிங்கும் இரு கீழ்க் கரங்களும் தெரிகிறதே, அது அந்த ஏற்பாடுதான்.

முன்பக்கத்தை மறந்துவிட்டோம். அங்கே இருந்த 700 கிலோவில் 215-ம் 125-ம் போக மிஞ்சியது 360. ஸ்டீயரிங் திரும்ப டிராக்டர் எடையில் 20 சதவீதமாவது முன் சக்கரத்தின் மேல் இருக்க வேண்டும். 2,220 கிலோவுக்கு அது 444. முன் அச்சுக்கு 60 செ.மீ. முன்னால் 70 கிலோ வெயிட் தொங்கவிட்டால் நெம்புகோல் விளைவால் அங்கே 91 கிலோவாக அழுத்தும், பின்னால் 21 கிலோ குறையும். கணக்கு ஏறத்தாழ நேராகிவிட்டது. நான்கு சக்கர இயக்க டிராக்டரில் முன்னால் ஏற்றிய எடையும் இழுவைக்கு உதவுவதால் இந்த இழுபறி குறைவு. அங்கே முன் பக்கம் 40, பின் பக்கம் 60 சதவீதம் என்று பிரித்து வைப்பது வழக்கம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மூக்கு தூக்கும்போது முன்னால் எடை போட்டுவிட்டால் போதும் என்று சங்கிலியை அச்சிலோ டாப் லிங்க் மாட்டும் இடத்திலோ கட்டி மரத்துண்டை இழுப்பவர்கள் இருக்கிறார்கள். இழுக்கும் இடம் உயர உயர மூக்கைத் தூக்கும் விசையும் உயரும். டிராக்டர் பின்புறமாகப் புரண்டு விழ ஒன்றரை வினாடி போதும்; அதில் பாதி நேரத்திலேயே மீட்க முடியாத கட்டத்தைத் தாண்டிவிடும். கிளட்ச் மிதிக்க நேரம் இருக்காது. இழுப்பதென்றால் தாழ்ந்த கொக்கியில் மட்டும்.

எடை சேர்க்க மலிவான வழி டயருக்குள் தண்ணீர். வால்வு உச்சியில் இருக்கும்படி சக்கரத்தை நிறுத்தி அந்த மட்டம் வரை, அதாவது முக்கால் பங்கு, நிரப்புவார்கள். நடுத்தரப் பின் டயரில் 200 லிட்டர் அளவுக்குப் பிடிக்கும். குறை என்னவென்றால், காற்றுக்கு மிஞ்சும் இடம் குறைவதால் டயர் விறைத்து, மேடு பள்ளத்தில் குதிக்கும்; பதிகிற பரப்பும் குறையும். தவிர, உழவு முடிந்து டிரெய்லர் ஓட்டப் போகும்போது 200 லிட்டரை யார் இறக்குவது? சக்கரத்தில் போல்ட் போட்டு மாட்டும் வார்ப்பிரும்பு வெயிட் விலை கூடினாலும் கழற்றி வைக்கலாம். எந்த வழியானாலும் எடை கூட்டியதும் டயர் அந்தச் சுமையைத் தாங்குமா, அதற்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று தயாரிப்பாளரின் அட்டவணையைப் பார்ப்பது அவசியம்.

ஒன்றைச் சொல்ல வேண்டும்: சக்கரம் சுற்றினால் எடை போடு என்பது எப்போதும் சரியான மருந்து அல்ல. பி.டி.ஓ.-வில் 50 ஹெச்.பி. உள்ள டிராக்டர் நாள் முழுவதும் நம்பக்கூடிய அந்த 32 ஹெச்.பி.-யை மணிக்கு 3 கி.மீ.-இல் கொக்கியில் காட்ட வேண்டுமானால் 2,900 கிலோ இழுக்க வேண்டும். அதன் மொத்த எடையே அவ்வளவு இருக்காது. அதே திறன் 8 கி.மீ. வேகத்தில் வெறும் 1,090 கிலோ. அகலமான கருவியை ஊர்ந்து இழுப்பதைவிடக் குறுகிய கருவியைச் சற்று வேகமாக இழுத்தால் எடையும் மிச்சம், கியரும் பிழைக்கும். சேற்று நடவு வயலிலோ எடை நேரடி எதிரி. அங்கே கேஜ் வீல் (கூண்டு போன்ற இரும்புச் சக்கரம்) மாட்டிப் பரப்பைக் கூட்டுவதுதான் வழி. ரொட்டவேட்டர் (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி) ஓட்டும்போதும் அதன் கத்திகளே முன்னே தள்ளுவதால் வெயிட்டுகளுக்கு வேலையில்லை.

வழுக்கலை அளக்கக் கருவி தேவையில்லை. பின் டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். வழக்கமான ஆழத்தில் உழுதபடி சக்கரம் சரியாக 10 சுற்று சுற்றும் தூரத்துக்கு இரண்டு முளை அடியுங்கள். கலப்பையைத் தூக்கிக்கொண்டு அதே தூரத்தை மறுபடி ஓட்டிச் சுற்றை எண்ணுங்கள். 8.8 சுற்று வந்தால் வழுக்கல் 12 சதவீதம். 9.5 வந்தால் எடையை இறக்கலாம். 7 வந்தால் எடை, டயர், கருவியின் அகலம் இந்த மூன்றில் ஒன்றை மாற்றியாக வேண்டும். எண்ண நேரமில்லாதபோது தடத்தைப் பார்த்தாலே ஓரளவு தெரியும்: வரிகள் அச்சு வார்த்ததுபோல் தெளிவாகப் பதிந்திருந்தால் எடை அதிகம், முழுவதும் அழிந்து மண் புரண்டிருந்தால் எடை குறைவு, நடுவில் கலைந்து ஓரங்களில் மட்டும் வரி தெரிந்தால் சரியாக இருக்கிறது. மழைக்குப் பிறகு அதே வயலில் அதே எண் வராது, மறுபடி எண்ண வேண்டியிருக்கும்.