ரொக்கமாக வாங்கினாலும் அது வேலைதான்

இந்த செமஸ்டரில் இது மூன்றாவது. மாணவர் ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்து, "ஒரு சின்ன சந்தேகம்" என்று தொடங்கும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கிவிடுகிறது. இவர் சனி, ஞாயிறுகளில் ஊருக்கு வெளியே ஒரு பெட்ரோல் பங்கின் கல்லாவில் எட்டு மாதம் நின்றிருக்கிறார். நடத்துபவர் நம் ஊர்க்காரர்தான். கடைசி இரண்டு மாதச் சம்பளத்தை அந்த 'அங்கிள்' தரவில்லையாம். புகார் கொடுக்க முடியுமா என்று கேட்டார்.

கொடுக்கலாம். அமெரிக்காவின் ஊதியச் சட்டம் விசாவைப் பார்ப்பதில்லை. ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் ஆலோசகரான என்னிடம் இதைச் சொல்லிவிட்டாரே! எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவர் அனுமதியில்லாமல் வளாகத்துக்கு வெளியே வேலை பார்ப்பது விதிமீறல்; தெரிந்தால் அதை வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசின் செவிஸ் பதிவேட்டில் ஏற்றுவது என் கடமை. அனுதாபமெல்லாம் என் சொந்தச் செலவில்தான்.

அவர் சொன்ன பதில் எனக்கு மனப்பாடம்: "ரொக்கமாகத்தானே வாங்கினேன், அது கணக்கில் வராதே?"

வரும். சம்பளச் சீட்டு இருந்தால்தான் வேலை என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? விதி பார்ப்பது நீங்கள் உழைத்தீர்களா, அதற்குக் கைமாறு பெற்றீர்களா என்பதைத்தான். நோட்டாகக் கொடுத்தாலும், வாடகையில் கழித்துக்கொண்டாலும், நண்பரின் வங்கிக் கணக்கில் போட்டாலும், மாதாமாதம் மளிகைச் சாமானாக வாங்கிக்கொண்டாலும் அது வேலை. அடுத்தவர் பெயரிலுள்ள செயலியில் சாப்பாடு டெலிவரி செய்தால் ஒன்றுக்கு இரண்டு தப்பு. "சம்பளமே வாங்கவில்லை, சும்மா உதவி" என்பதும் செல்லாது. மற்றவருக்குக் கூலி கொடுத்துச் செய்விக்கும் வேலையை நீங்கள் இலவசமாகச் செய்தால் அது தொண்டாகிவிடாது.

யாருக்குத் தெரியப்போகிறது என்கிறீர்கள். கடையில் சோதனை வந்தால் தெரியும். உடன் வேலை பார்த்தவர் கோபித்துக்கொண்டால் தெரியும். விமான நிலையத்தில் அதிகாரி கைப்பேசியைக் கேட்டால், 'நாளை ஆறு மணி ஷிஃப்ட்' என்ற வாட்ஸ்அப் செய்தி தெரியும். படிப்பில் பாடச்சுமை குறைந்து விசா நிலையை இழந்தவருக்குக்கூட மீட்டுத்தரச் சொல்லி விண்ணப்பிக்க வழி உண்டு. அனுமதியில்லாமல் வேலை பார்த்தவருக்கு அந்த வழி இல்லை.

வளாகத்துக்குள் வேலை பார்க்கத் தனி அனுமதி வேண்டியதில்லை. வகுப்பு நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம், விடுமுறையில் முழுநேரம். இருபது என்பது எல்லா வேலைகளுக்கும் சேர்த்து. நூலகத்தில் 12, உணவுக்கூடத்தில் 12 என்றால் 24; மீறல்தான். போன வாரம் பத்துதானே என்று இந்த வாரம் முப்பது பார்க்கவும் கூடாது.

வேலை தேடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். இருநூறு பேராசிரியர்களுக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பாதீர்கள், அவர்கள் படிப்பதில்லை. ஆகஸ்ட்டில் வந்த முதல் வாரமே உணவுக்கூட மேலாளரை நேரில் பாருங்கள். கிடைக்கவில்லையா? இடைத்தேர்வு நெருங்கும்போது பலர் விட்டுவிட்டுப் போவார்கள், மறுபடி கேளுங்கள். 'வொர்க்-ஸ்டடி' என்று போட்டிருந்தால் அது மத்திய அரசின் உதவித்தொகைத் திட்டம், உங்களுக்குக் கிடையாது. அங்கே நேரத்தை வீணாக்காதீர்கள். விண்ணப்பம் ஒரு பக்கம் போதும். அப்பா பெயர், பிறந்த தேதி, புகைப்படம் எதுவும் வேண்டாம். (மதம் எழுதிய பயோடேட்டாவைக்கூடப் பார்த்திருக்கிறேன்.) சோசியல் செக்யூரிட்டி எண் (சம்பளம், வரிக் கணக்குக்காக அரசு தரும் எண்) வேலை கிடைத்தபின் எடுப்பது; அது இல்லாததால் விண்ணப்பிக்கவில்லை என்று சொல்லாதீர்கள்.

நேர்காணலே இல்லாமல் வாரம் 400 டாலர் தருகிறேன் என்று 'பேராசிரியர்' ஒருவர் எழுதுவார். காசோலை அனுப்புவார், அதில் பாதிக்குப் பரிசு அட்டை வாங்கச் சொல்வார். சில நாளில் காசோலை திரும்பும். வங்கி உங்கள் பணத்தில்தான் கைவைக்கும்.

ஊரிலிருக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். மணிக்கு 12 டாலர், வாரம் 20 மணி என்றால் 240 டாலர். அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்து மகிழாதீர்கள்; பிள்ளை செலவழிப்பது டாலரில். சாப்பாட்டுக்கும் வாடகையில் ஒரு பங்குக்கும் வரும், கல்விக் கடன் தவணைக்கு வராது. "பையன் சம்பாதித்து அனுப்புவான்" என்ற நினைப்புதான் பலரைப் பெட்ரோல் பங்குக்குத் தள்ளுகிறது.

வீட்டில் திடீரென்று நிலைமை கவிழ்ந்தால் எங்களிடம் வாருங்கள். ஓர் கல்வியாண்டு முடிந்திருந்தால், எதிர்பாராத பொருளாதார நெருக்கடிக்காக வளாகத்துக்கு வெளியே வேலை பார்க்க அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். மாதங்கள் பிடிக்கும், கட்டணமும் உண்டு, ஆனாலும் வழி இருக்கிறது. வேலையில் சேர்வதற்கு முன் வந்து கேளுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். நேராகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் "என் நண்பன் ஒருவன் யோசித்துக்கொண்டிருக்கிறான்" என்று தொடங்குங்கள். நண்பன் யாரென்று நாங்கள் கேட்பதில்லை.